நல்லெண்ணம் ஒன்றே போதுமா?

எண்ணமே வினை என்பது புத்தர் பெருமான் அருளிய அறம். அங்ஙனமாயின், நல்லெண்ணத்தோடு ஒருவன் செய்த செயல் பிறர்க்குத் துன்பமாய் முடிந்தால், அவனை எவ்வாறு மதிப்பது? இவ்வினாவை ஆராய்வார்க்குச் சீன நாட்டு அமைச்சரும் கவிஞருமாகிய வாங் ஆன்ஷியின் வாழ்க்கை நல்லதொரு சான்றாகும்.

சோங் மரபினர் ஆண்ட காலத்தில், 1021-ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர். இளமையில் யின் என்னும் வட்டாரத்துக்கு அதிகாரியாகி, நீர்நிலைகளைச் செப்பனிட்டார். அரசுக் களஞ்சியத்துத் தானியத்தை உழவர்க்குக் கடனாக ஈந்து, அறுவடைக்குப் பின் திரும்பப் பெற்றார். பேரரசர் ஷென்சோங் 1069-இல் அவரை அமைச்சராக்கியதும், அம்முறையை நாடு முழுமைக்கும் சட்டமாக்கினார். இளம்பயிர்க் கடன் என்பது அதன் பெயர். வட்டி, போகம் ஒன்றுக்கு நூற்றுக்கு 20. அதனினும் கொடிய வட்டி வாங்கிய செல்வரிடமிருந்து உழவனை மீட்பதே நோக்கம். ஆலைத் தொழிலாளியாயிருந்த நாளில் கடன் சுமையை அறிந்தவன் யான்; ஆதலின் அந்நோக்கத்தைப் பழிக்க என் மனம் ஒப்பவில்லை.

ஆயினும் விளைந்தது என்ன? மேலிடத்தில் நற்பெயர் பெற விழைந்த அதிகாரிகள், வேண்டாதார் மீதும் கடனைத் திணித்தனர். வட்டியைக் கண்டிப்பாய்த் தண்டினர். குறை கூறிய சான்றோர் பதவி இழந்தனர். 1074-இல் வறட்சி வந்துற்றது. தலைநகரின் வாயிற்காவல் அலுவலராகிய ஜெங் சியா என்பவர், ஊர்விட்டு ஓடிவந்த ஏழைகளின் கோலத்தை ஓவியமாக்கி அரசருக்கு அனுப்பினார். அதைக் கண்ட அரசர் கலங்கினார். வாங் ஆன்ஷி பதவி விலகினார். மறு ஆண்டு மீண்டு வந்தும், 1076-இல் மகனை இழந்த துயரோடு அரசியலை அறவே துறந்தார்.

அவர் தன்னலக்காரர் அல்லர். மனிதரைச் சுமைவிலங்காக்கலாகாது என்று பல்லக்கேற மறுத்துக் கழுதை மீது சென்றவர். இறுதிக் காலத்தில் தம் இல்லத்தையே பௌத்தப் பள்ளியாக்கிவிட்டு, வாடகை வீட்டில் வாழ்ந்தவர். அத்தகையவரிடம் இருந்த குறை யாது?

புத்தர் பெருமான் தம் மைந்தர் இராகுலருக்கு உரைத்ததை நினைவு கூர்வோம். செயலுக்கு முன்னும், செய்யும்போதும், செய்த பின்னும், இது எனக்கோ பிறர்க்கோ தீங்கு தருமோ என்று ஆராய்க என்பதே அவ்வறிவுரை. வாங் ஆன்ஷி முன்னே ஆராய்ந்தார். நடுவிலும் பின்னரும் ஆராயத் தவறினார். கவிதையில் வசந்தக் காற்றைப் பாட வந்தவிடத்து, ஒரு சொல்லைப் பத்து முறைக்கு மேல் மாற்றி அமைத்தாரென்பர். அப்பொறுமையைச் சட்டத்தின்பால் காட்டினாரல்லர்.

அவருடைய எதிரியும் அக்குற்றத்தினின்று தப்பவில்லை. 1085-இல் அரசர் மறைந்ததும் அதிகாரம் பெற்ற சீமா குவாங், நல்லதும் தீயதும் பாராது அச்சட்டங்களை நீக்கலானார். கட்டாய ஊழியத்துக்கு மாற்றாகப் பணம் பெற்று, கூலிக்கு ஆள் அமர்த்தும் சட்டமும் ஒழிந்தது. அப்போது அதைக் காக்க வாதாடியவர் யார்? வாங் ஆன்ஷியின் கொள்கைகளை எதிர்த்து வந்த கவிஞர் சூ ஷி! அவர் 1084-இல் முதியவரைக் கண்டு, பகைமை மறந்து, கவிதையும் அறமும் அளவளாவியவர். கண்ணெதிரே கண்ட பயனைக் கொண்டு தம் கருத்தைத் திருத்திக்கொள்ள அவருக்கு மனம் இருந்தது.

வாங் ஆன்ஷி 1086-இல் மறைந்தார். நல்லெண்ணம் விதை போன்றது. விதைத்தவன் வயலைத் திரும்பிப் பாராதிருப்பின், முளைத்தது பயிரா களையா என்று அறிவதெங்ஙனம்? ஆதலின், நன்மை செய்யப் புகுவோர் தம் செயலால் வாடியவர் முகத்தையும் நோக்குவாராக. அவர் குறை கூறுங்கால் செவி சாய்ப்பாராக. அதுவே நல்லெண்ணத்தை நல்வினையாக்கும்.