காவற்காடும் அறமும்

நகரம் என்பது காட்டை வெட்டி எழுப்பப்படுவது என்பது பொதுவான எண்ணம். கண்டி நகரைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் முழுமையாகப் பொருந்துவதில்லை. தலதா மாளிகையின் பின்புறத்தே எழுந்து நிற்கும் உடவத்தகலே என்னும் குன்று இன்றும் காடாகவே உள்ளது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 635 மீற்றர் உயரமான அதன் உச்சி, கண்டி வாவிக்கு மேலே நூறு மீற்றருக்குச் சற்று அதிகமாக உயர்ந்துள்ளது. பரப்பு 104 ஹெக்டேயர். அதாவது 257 ஏக்கர். பேருந்துகளின் ஓசை கேட்கும் தொலைவிலே சருகுமானும் முள்ளம்பன்றியும் வாழ்வது வியப்புக்குரியதே. எனினும் இங்கு ஆராயப்படுவது அவ்வியப்பன்று. இக்காடு எவ்வாறு எஞ்சியது, அவ்வாறு எஞ்சியது நியாயமானதா என்பதே வினா.

அரண்மனைக்கு மேலுள்ள தோட்டம் என்று பொருள்படும் சிங்களத் தொடரிலிருந்தே இன்றைய பெயர் பிறந்தது. கண்டி மன்னர் காலத்தில் இது அரச குடும்பத்தினருக்குரிய சோலை. குடிமக்கள் உட்புகல் ஆகாது. ஆதலின் 'தஹஞ்சி கலே', அதாவது தடுக்கப்பட்ட காடு, என்ற பெயரும் இதற்கு வழங்கியது. தமிழ் மரபிலும் மன்னரின் காவல்மரமும் அரணைச் சூழ்ந்த காவற்காடும் உண்டு. வள்ளுவரும் நிழற்காட்டை அரணின் உறுப்புகளுள் ஒன்றாகவே எண்ணினார். காவல் என்னும் சொல்லில் இரு பொருள்கள் பிரிக்கவொண்ணாதபடி கலந்து கிடக்கின்றன. மரத்தைக் காப்பது ஒன்று. மனிதரைத் தடுப்பது மற்றொன்று. உடவத்தகலேயின் வரலாறு முழுவதும் இவ்விரண்டினதும் கலப்பேயாகும்.

1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குச் சென்றது. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோர்ட்டனின் மனைவியார் பெயரால் இக்காட்டினூடே செல்லும் பாதை இன்றும் வழங்குகின்றது. சீமாட்டியின் உலாப்பாதை என்ற அளவில் அதனை விட்டுவிடலாம். கவனத்துக்குரியது அடுத்து நிகழ்ந்ததாகும். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளும் தரிசுகளும் முடிக்குரியவை என்று கொண்டது. அதன் துணையுடன் கண்டியைச் சூழ்ந்த மலைகள் கோப்பித் தோட்டங்களுக்கென விற்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகக் கிராமத்தவர் விறகும் சேனையும் கண்ட காடுகள் சில ஆண்டுகளிலே மறைந்தன. அதே அரசுதான் 1856 இல் உடவத்தகலேயை ஒதுக்கக் காடாக்கியது. ஒரு கையால் ஆயிரக்கணக்கான ஏக்கரை விற்றவர், மறு கையால் 257 ஏக்கரைக் காத்தனர். 1938 இல் இது சரணாலயமுமாயிற்று.

ஆகவே, இக்காட்டை எஞ்சச் செய்தது மக்களின் அன்பன்று. ஆட்சியாளரின் தடையே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்விளைவொன்று நியாயமற்ற காரணத்திலிருந்து பிறந்திருப்பின், அவ்விளைவும் மாசுற்றதாகுமா? அருகிலுள்ள வாவியே இதற்கு ஓர் ஒப்புமையாகும். கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் இராஜகாரிய முறையின் கீழ்க் குடிமக்களின் உழைப்பைக் கொண்டு அதனை அமைப்பித்தான். இன்று அதன் கரையில் நடப்பவர் எவரும் அவ்வுழைப்பின் குற்றத்தைச் சுமப்பவரல்லர். தோன்றிய விதம் வேறு, இன்று இருப்பதன் நியாயம் வேறு என்று கூறி அமையலாம்.

ஆனால் இவ்வொப்புமை ஓரிடத்தில் முறிகின்றது. வாவியை அமைத்த கொடுமை முடிந்துபோன ஒன்று. இராஜகாரியமே 1832 இல் ஒழிக்கப்பட்டது. காட்டின் தடையோ முடிந்ததன்று. அது நாள்தோறும் புதிதாக விதிக்கப்படுகின்றது. பழைய தடைக்குப் பழைய மன்னன் பொறுப்பாகலாம். இன்றைய தடைக்கு இன்றைய சமூகமே காரணம் காட்டியாக வேண்டும். காட்டக்கூடிய காரணங்கள் வலுவற்றவையல்ல. செங்குத்தான சரிவிலே மண்ணைப் பிணைத்து நிறுத்துவன வேர்களே. மழைநீரை உறிஞ்சி மெல்ல வெளிவிடுவதும் காட்டுத்தரையே. இவை நகரத்தார் அனைவருக்கும் பொதுவான நன்மைகள். மேலும், மன்னனின் தடை தன்னொருவனுக்காகப் பிறரை விலக்கியது. இன்றைய தடையோ நுழைவுச்சீட்டுப் பெற்ற எவரையும் உள்ளே விடுகின்றது. எடுத்துச் செல்வதை மட்டுமே மறுக்கின்றது. இவ்வேறுபாடு அற்பமானதன்று.

இயற்கையைக் காத்தல் என்ற தொடரையும் இங்கு ஆராய்தல் வேண்டும். ஜோன் ஸ்டுவர்ட் மில் மறைந்தபின் 1874 இல் வெளியான 'இயற்கை' என்னும் கட்டுரை, அச்சொல்லின் இரு பொருள்களைப் பிரித்துக் காட்டுகின்றது. உள்ளவை அனைத்தும் இயற்கை என்பது ஒன்று. மனிதன் தலையிடாது நிகழ்வது மட்டுமே இயற்கை என்பது மற்றையது. இரண்டாவது பொருளில் உடவத்தகலே இயற்கையானதன்று. அங்கு மகோகனி உண்டு. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மைரொக்சிலோன் என்னும் பல்சம் மரம் பெருகி நிற்கின்றது. சிறகுடைய அதன் காய்கள் காற்றிலே பரவுகின்றன; நாற்றுக்கள் நெருக்கமாக முளைத்து ஏனைய மரங்களின் கன்றுகளுக்கு ஒளியும் இடமும் இல்லாதவாறு செய்கின்றன. தலையிடாதிருத்தலே அறம் எனின், மனிதனே கொணர்ந்த ஒரு மரம் காட்டை விழுங்குவதைப் பார்த்திருக்க வேண்டியதாகும். தொடங்கிவைத்தவனுக்குக் கைகட்டி நிற்கும் உரிமை இல்லை. எனவே அந்நாற்றுக்களைப் பிடுங்குதல் தகும் என்பதே முடிபு.

எனினும் பிடுங்குவதற்குக் காட்டும் நியாயத்தில் எச்சரிக்கை வேண்டும். 'அந்நியம்' என்பதே குற்றமாகாது. மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. இந்நாட்டுச் சமையலறை எதுவும் அவற்றை வெளியேற்றக் கருதவில்லை. மைரொக்சிலோன் விலக்கப்படுவது எங்கிருந்து வந்தது என்பதற்காகவன்று, இங்கு என்ன செய்கின்றது என்பதற்காகவே. மரத்துக்குப் பிரசாவுரிமை இல்லை; மனிதருக்கு உண்டு. காடாயிருந்த மலைகளிலே கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிடத் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்கள், 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெருந்தொகையாக நாடற்றவராயினர். தாவரவியலில் பயனுடைய ஒரு சொல் மனிதர்மேல் ஏவப்படுமிடத்து என்னவாகும் என்பதை மலைநாடு அறியும்.

இதே குன்றிலே வேறொரு வகையான அந்நியரும் வாழ்ந்தார். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் 1901 இல் பிறந்த ஞானபோனிக்க தேரர், இக்காட்டிலுள்ள துறவிகளின் ஆச்சிரமத்தில் பல தசாப்தங்கள் தங்கி, 1994 இல் மறைந்தார். காட்டின் நடுவேயிருந்தும் காட்டிலிருந்து எதனையும் கொள்ளாத வாழ்வு அது. துறவிக்கு இது கைகூடும். அன்றாடம் உலைவைக்க வேண்டிய இல்லறத்தாரிடம் அதனை எதிர்பார்த்தல் எளிதன்று.

இங்குதான் தடையின் நியாயம் மீண்டும் சோதனைக்குள்ளாகின்றது. விறகு எடுக்கலாகாது என்னும் விதி எல்லோர்க்கும் ஒன்றே. ஆயினும் எரிவாயு அடுப்பில் சமைப்பவருக்கு அவ்விதி இருப்பதே தெரியாது. அடுப்புக்குச் சுள்ளி பொறுக்குபவர்க்கோ அது அன்றாட உணவைத் தொடுகின்றது. காட்டின் நிழலும் நீரும் நகர் முழுவதற்கும் பொதுவாயிருக்க, அதன் விலையைக் கூடுதலாகச் செலுத்துவோர் காட்டின் ஓரத்திலே குடியிருப்போரே. அவர்களது கூரையின்மீதுதான் செங்குரங்குகள் இறங்குகின்றன. அவர்களது வாழைக்குலையைத்தான் பறிக்கின்றன. பொது நன்மைக்கென ஒரு சிலர் மீது சுமத்தப்பட்ட இச்சுமைக்கு ஈடு செய்யும் கடன், காவலை விதிக்கின்ற சமூகத்தையே சாரும். அக்கடன் கணக்கில் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.