நடைக்கு ஒரு மணி நேரம்... மனதுக்கு?

நெய்வேலி நகரியத்தில் விடியற்காலை நடந்து பார்த்திருக்கிறீர்களா? மரங்கள் கவிந்த அகலமான வீதிகளில் ஷூ அணிந்து, அடிகளை எண்ணும் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடப்பவர்களைப் பார்க்கலாம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தொப்பை என்று ஆளுக்கொரு காரணம்! அவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், இந்த உறுத்தல் உங்களுக்கும் இருக்கக்கூடும்: 'அழியப்போகிற உடம்புக்கு தினமும் ஒரு மணி நேரம் கொடுக்கிறேன். சுவாமி விளக்கின் முன் ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லையே!'

நியாயமான உறுத்தல்தான். இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்தில் இருக்கும் வடலூரே போதும்.

அங்கே 1867-ல் சத்திய தருமச்சாலையையும் 1872-ல் சத்திய ஞானசபையையும் நிறுவிய வள்ளலார், அன்பர்களுக்கு 'நித்திய கரும விதி' என்று ஓர் ஒழுங்கை வகுத்துத் தந்தார். ஞானி தந்த விதி என்றதும் ஜபமும் பூஜையுமாகவே இருக்கும் என்று நினைப்போம். பிரித்துப் பார்த்தால் ஆச்சரியம்! பல் துலக்குவது, குளிப்பது, கரிசலாங்கண்ணியின் பயன், எதைச் சாப்பிடுவது, எப்படித் தூங்குவது என்று உடம்பைப் பற்றித்தான் பக்கம் பக்கமாகப் பேசுகிறார். வேகமாக நடக்கக் கூடாது என்றும் சொல்கிறார். (மருத்துவர் 'விறுவிறுவென்று நடங்கள்' என்று சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள். வள்ளலார் யாருக்கு, எதற்காகச் சொன்னார் என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா?)

கவனிக்க வேண்டியது அவர் வைத்த வரிசை. சூரியன் உதிக்கும் முன் எழு. சற்றே உட்கார்ந்து கடவுளை நினை. உடம்பின் வேலைகள் அதற்குப் பிறகுதான். அந்தச் 'சற்றே' என்பதற்காக நாம் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை. ஷூ மாட்டுவதற்கு முன்னால் அது இருக்கிறது. நாம்தான் எழுந்ததும் செல்போனை எடுத்துவிடுகிறோம்!

'சுரங்கத்தில் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டு, ஊர் விழிக்கும் நேரத்தில் படுக்கப்போகிறவன் நான். எனக்கு ஏது பிரம்ம முகூர்த்தம்?' என்று ஓர் அன்பர் கேட்கலாம். அவர் மதியம் கண் விழித்தால், அந்த நேரத்துக்கு அந்த வரிசையைப் பொருத்திக்கொள்ளட்டும். மூன்று ஷிஃப்டில் உழைக்கும் ஊரில் கடிகாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிப் பேருக்கு பக்தியே இல்லை என்றாகிவிடும்.

சிலர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டதாகச் சொல்வார்கள்: 'கோயிலைத்தான் சுற்றுகிறேன். நடையும் ஆச்சு, பிரதட்சிணமும் ஆச்சு!' மனம் அடிகளை எண்ணிக்கொண்டிருந்தால் அது நடைப்பயிற்சி மட்டும்தான். தவறில்லை, ஆனால், அதைப் பிரதட்சிணம் என்று கணக்கில் எழுத வேண்டாம். நெய்வேலி அழகிய திருச்சிற்றம்பலமுடையான் திருக்கோயிலுக்குப் போனால், பத்தடி உயரத்துக்கு ஐம்பொன்னில் நிற்கும் நடராஜரை நின்று நிதானமாகப் பாருங்கள். ஒரு கால் தூக்கி, சடை பறக்க, உடம்பு முழுக்க ஆட்டம். முகத்திலோ துளி சலனமில்லை. ஓடும் உடம்புக்குள் ஓடாத மனம் என்று ஒன்று சாத்தியம் என்பதை இதைவிட எப்படிக் காட்டுவது?

சரி, மனம் வளர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எடை பார்க்க இயந்திரம் இருக்கிறது, இதற்கு? வள்ளலார் வழியில் ஓர் அளவுகோல் உண்டு. அவர் 1867-ல் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது, பிறர் பசிக்காக. அந்த அடுப்பை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குள் பாருங்கள். ஆறு மாத நடையில் உங்கள் முழங்காலில் வலு கூடியிருக்கிறது. மூச்சு வாங்குவதில்லை. படுக்கையில் இருக்கும் மாமியாரைத் தூக்கி உட்காரவைக்கும்போது, அந்த வலு உங்கள் கைக்கு வருகிறதா? முன்பு எரிச்சலோடு செய்ததை இப்போது எப்படிச் செய்கிறீர்கள்?