விரதக் காலில் பட்ட காயம்

மாலை போட்டவர் காலில் காயம் பட்டால் பொறுத்துக்கொண்டு நடப்பதுதான் பக்தி, மருத்துவரிடம் போவது நம்பிக்கைக் குறைவு என்ற எண்ணம் ஐயப்ப பக்தர்களிடையே இன்னும் இருக்கிறது. கார்த்திகை பிறந்ததும் கோவைப் பக்கத்தவர் வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குள் இறங்குகிறார்கள். மதுரை, தேனிப் பக்கத்தவர் பலர் கம்பத்திலிருந்து குமுளி மலையேறி வண்டிப்பெரியாறு போகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் சத்திரம் என்ற இடத்தில் வண்டியை விட்டு இறங்கி, புல்மேடு வழியாகச் சபரிமலைச் சன்னிதானத்துக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் காட்டுப் பாதையில் நடக்கிறார்கள். விரதம் 41 நாள். பலர் அத்தனை நாளும் செருப்பு அணிவதில்லை. கல் குத்துவதும் முள் தைப்பதும் வெடித்த குதிகாலில் மண் ஏறுவதும் இந்த வழிபாட்டோடு சேர்ந்தே வருபவை. எந்தக் காயத்தோடு நடக்கலாம், எதை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று பிரித்தறிய, விரதம் உடம்பிடம் எதைக் கேட்கிறது என்பது முதலில் தெளிய வேண்டும்.

விரதம் கேட்பது சுகத்தை. மெத்தை, மாமிசம், மது, சவரம், செருப்பு எல்லாம் சுகத்தின் கணக்கில் வருபவை. உறுப்பை அது கேட்கவில்லை. தர்ம நூல் மரபு, விரதத்தைக் கெடுக்காதவை என எட்டைச் சொல்கிறது: தண்ணீர், கிழங்கு, பழம், பால், அவிப்பொருள், அந்தணர் விருப்பம், குருவின் சொல், மருந்து. மகாபாரதத்தில் விதுரன் வாயாலும் இந்தப் பட்டியல் வருகிறது. மருந்தோடு குருவின் சொல்லும் அதில் இருப்பது இங்கே முக்கியம். காலில் புண் உள்ள ஒருவரைச் செருப்புப் போட்டுக்கொள்ளும்படி குருசாமி சொன்னால், அதைக் கேட்டு நடப்பதும் விரதத்துக்கு உட்பட்டதே.

இதற்கு மறுப்பாகக் கண்ணப்பரைக் காட்டுவோர் உண்டு. கண்ணையே பெயர்த்துக் கொடுத்தவர் இருக்க, காலில் பட்ட முள்ளுக்கு ஊசியா என்பது அவர்கள் வாதம். பெரியபுராணத்தில் அந்தக் கதை நடக்கும் வரிசையை அவர்கள் கவனிப்பதில்லை. காளத்தியில் இறைவன் கண்ணில் குருதி வழியக் கண்ட திண்ணனார் என்ற கண்ணப்பர், எய்தவர் யார் என்று முதலில் தேடுகிறார். பிறகு வேடர்கள் அம்புப் புண்ணுக்குப் போடும் பச்சிலைகளைத் தேடிப் பறித்து வந்து பிழிகிறார். அது பலிக்காத பிறகே ஊனுக்கு ஊன் என்ற நினைவு அவருக்கு வருகிறது. புண்ணைக் கண்டதும் மருந்து தேடப் போன கால்கள் அந்தப் பேரன்பின் கால்களே. அடுத்த கண்ணையும் பெயர்க்கப் போனபோது தடுத்தது இறைவனுடைய கை.

காயத்தின் தோற்றம் ஏமாற்றும். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நெடுநேரம் கசியும். அதன் உமிழ்நீர் ரத்தத்தை உறையவிடாது. கழுவி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். துரு ஆணியோ மூங்கில் சிராயோ பாதத்தில் ஆழ இறங்கினால் இரண்டு சொட்டுதான் வரும், துளையும் மூடிக்கொள்ளும். மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் ரண ஜன்னிக் கிருமிக்குக் காற்றுப் புகாத அந்த ஆழமே வசதி. நோய் வெளிப்பட பெரும்பாலும் 3 முதல் 21 நாள் ஆகும் என்பதால், யாத்திரை முடிந்து வீடு திரும்பிய பிறகுகூடத் தாடை இறுகலாம். அழுக்குப் பட்ட காயத்துக்கு, கடைசி டி.டி. ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தால் மறுபடி போட வேண்டும். காபித்தூளோ சாம்பலோ மஞ்சளோ திறந்த புண்ணில் அப்பக் கூடாது. விபூதிக்கு இடம் நெற்றி.

10 நிமிடம் விடாமல் அழுத்தியும் ரத்தம் நிற்காத வெட்டு, வாய் பிளந்து உள்ளே கொழுப்போ எலும்போ தெரியும் காயம், விரல் அசையாமலோ மரத்தோ போகும் காயம் ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனைதான். நாயோ குரங்கோ கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போக வேண்டும். பாம்புக்கடியில் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கேடு. சிறு காயம்தான் என்றாலும் சுற்றிலும் சிவப்புப் பரவி, சூடேறி, சீழ் வைத்து, காய்ச்சலும் கண்டால் அதற்குமேல் நடை கூடாது.

பொறுமை என்ற அளவுகோல் முற்றிலும் உடைந்துபோவது சர்க்கரை நோயாளியின் காலில். நெடுநாள் சர்க்கரை பாதத்து நரம்புகளை மழுங்கடிக்கிறது; முள் ஏறியதே தெரியாது, புண் ஆழமானாலும் நோகாது. கூட நடப்பவர்களுக்கு அது அருளாகத் தோன்றலாம். வலியே இல்லாதபோது பொறுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? ரத்த ஓட்டமும் குறைந்த காலில் புண் ஆறாமல் அழுகி, விரலையோ காலையோ எடுக்கும் நிலை வருகிறது. வலிக்கவில்லை என்பதே அவருக்கு ஆபத்தின் அறிகுறி.

சீசன் நாட்களில் பம்பை, நீலிமலை, அப்பாச்சிமேடு, சன்னிதானம் ஆகிய இடங்களில் அரசு மருத்துவ மையங்கள் இயங்குகின்றன. 108 ஆம்புலன்ஸ் எல்லைக்கு இரு பக்கமும் உண்டு. குழுவில் சர்க்கரை உள்ள சாமிகள் யார் என்பதை மாலை போடும் அன்றே குருசாமிகள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இரவு தங்கும் இடத்தில் அவர்களுடைய பாதங்களை, விரலிடுக்கு உட்பட, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். புண் கண்டால் மறுநாள் அவர்களை நடக்க விடக் கூடாது.