விரிசலும் பூச்சும்

புனே நகரின் வடகிழக்கே உள்ள லோஹேகாவ், சந்த் துக்காராமின் தாயார் பிறந்த ஊராகப் போற்றப்படுகிறது. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் பெருகியுள்ளன. வீடு என்றால் சுவரில் விரிசலும் உண்டு. அதை அடைக்கும் வேலையும் உண்டு. அந்த எளிய வேலைக்குள் ஓர் அறக் கேள்வி இருக்கிறது: அடைப்பது சீர்செய்வதா, மறைப்பதா?

விரிசல்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. பூச்சு காயும்போது சுருங்குவதால் மயிரிழை போலத் தோன்றுபவை சில. அவற்றையும் ஆணி பிடுங்கிய துளைகளையும் சுரண்டி, தூசு நீக்கி, பட்டி வைத்துத் தேய்த்தால் குறை தீர்ந்துவிடும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் விரிசலோ பெரும்பாலும் அடித்தளத்தின் அசைவைக் காட்டுவது. தக்காணத்துக் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். ஆழமின்றி இட்ட அடித்தளம் அதனோடு அசைய, சுவர் பிளக்கிறது. இதற்கு மேற்பூச்சு மருந்தாகாது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு பழைய வழி உண்டு. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதி குறித்து, மழையும் கோடையும் கடக்கும்வரை காத்திருப்பார்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது என்று பொருள்.

இதை அறிந்தும் ஒருவர் வீட்டை விற்குமுன் பட்டியும் வண்ணமும் பூசி மறைக்கிறார் என்று கொள்வோம். "வாங்குபவர் கேட்கவில்லை, நான் பொய் சொல்லவுமில்லை" என்பது அவரது சமாதானம். ஆனால் வாங்குபவரைக் கேட்கவிடாமல் செய்ததே அந்தப் பூச்சுதானே! சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாத முக்கியக் குறையை விற்பவர் தாமே தெரிவிக்க வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமும் 55ஆம் பிரிவில் கூறுகிறது.

உண்மையைச் சொன்னால் விலை குறையும். அவருக்கும் பணத் தேவை இருக்கலாம். எனினும் அந்த நட்டம் ஏற்கெனவே அவருடையது. மறைப்பதால் அது அழிவதில்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் மற்றொரு குடும்பத்தின் தலைக்கு மாறுகிறது.

துக்காராமும் வணிகரே. தமக்கு வரவேண்டிய கடன்களின் பத்திரங்களை அவர் இந்திராயணி ஆற்றில் விட்டார் என்பது மரபு. தமக்கு உரியதையே துறந்தவர் அவர். அத்தனை உயரம் எல்லோருக்கும் எட்டாது. தமக்கு உரியதல்லாத விலையை ஒரு பூச்சினால் பெறாதிருப்பதோ எவருக்கும் இயலும்.

மனச்சுவருக்கும் இதுவே விதி. உறவில் விழுந்த பிளவை ஓர் இன்சொல்லால் பூசிவிட்டு, அதற்குக் காரணமான கோபத்தையோ பேராசையையோ உள்ளே அப்படியே விட்டுவைத்தால், அடுத்த பருவத்தில் அதே இடம் மீண்டும் பிளக்கும். அடைப்பது குற்றமன்று. அடியில் அசைவது எதுவென்று பார்க்க மறுப்பதே குற்றம்.