அழுக்கு யாரிடம்?

எங்கள் பாட்டா பனையேறி. விடியுமுன் கலயங்களைக் கமுத்தி வைத்துக் கழுவுவார். விரலை உள்ளே விட்டு அடிவரை ஒரு சுற்று தடவிப் பார்ப்பார். பிசுபிசுப்பு தட்டினால் மறுபடியும் கழுவு. பிறகுதான் சுண்ணாம்பு. பழைய அக்கானியின் (பதநீரின்) மிச்சம் ஒரு பொட்டு ஒட்டியிருந்து சுண்ணாம்பும் குறைந்துபோனால், வெயில் ஏறுமுன் எல்லாம் புளித்துவிடும். "அக்கானி புளிச்சா பனையக் குத்தம் சொல்லப்பிடாது மக்கா. கலயத்தப் பாரு, பொறவு ஒன் கையப் பாரு" என்பார்.

களியக்காவிளைப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பது வருடம் வேதியியல் நடத்தினேன். ஓய்வுக்குப் பிறகு கிளேர் பாட்டர்சனைப் பற்றி வாசித்தபோது, பாட்டாவின் விரல் அந்தக் கலயத்துக்குள் சுற்றிவந்தது நினைவில் வந்தது.

விண்கல்லில் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் எழுதியவர் பாட்டர்சன். தொடக்கத்தில் அவருடைய அளவுகள் தாறுமாறாக வந்தன. கல்லில் இருக்க முடியாத அளவுக்கு ஈயம். காற்றில், கண்ணாடிக் குடுவையில், தலைமுடியில் என்று எங்கும் ஈயம் இருந்தது. அவர் கல்லைக் குறை சொல்லவில்லை. அறையைக் கழுவினார், அமிலத்தைக் காய்ச்சி வடித்தார், தன்னையே மூடிக்கொண்டார். பிறகு கிரீன்லாந்துப் பனியை எடுத்து, பழங்காலத்திலிருந்து 1965-க்குள் ஈயம் 200 மடங்கு ஏறியிருப்பதை 1969-இல் காட்டினார். பெரும்பங்கு பெட்ரோலில் கலந்த ஈயம். நம் நாட்டில் அந்தப் பெட்ரோல் 2000-இல்தான் நின்றது. அதுவரை எங்கள் சந்திப்பில் நின்று மூச்சுவிட்ட அத்தனை பேரும் அதைச் சுவாசித்தவர்கள்தாம்.

இதே சிக்கல் இன்னொரு பனியிலும் எழுந்தது. அண்டார்டிகாவில் வோஸ்டாக் என்ற ரஷ்ய நிலையத்துக்கு அடியில், ஏறத்தாழ 3,750 மீட்டர் பனிக்குக் கீழே, வெளிச்சமே படாத ஓர் ஏரி கிடக்கிறது. அதன் மேலுள்ள பனியை 1998-க்குள் 3,623 மீட்டர் வரை துளைத்து எடுத்தார்கள். 3,538 மீட்டருக்குக் கீழே வந்தது ஏரி நீரே உறைந்த பனி. துளை மூடிக்கொள்ளாமல் இருக்க அதில் மண்ணெண்ணெய் நிரப்பியிருந்தார்கள். அப்படி மண்ணெண்ணெயில் தோய்ந்து வந்த பனித்தண்டில் ஈயத்தையும் தாமிரத்தையும் எப்படி அளப்பது? தேடுவதோ பத்து லட்சம் டன் பனியில் ஒரு கிராம் என்ற கணக்கு.

பாட்டர்சனும் பிரான்சின் குளோத் பூட்ரோனும் இத்தகைய ஆழ்பனிக்குக் கைக்கொண்ட வழி எளிமையானது. குளிரறையில், அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய உளியால், வெளியிலிருந்து அடுக்கடுக்காகச் செதுக்குவது. ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே அளப்பார்கள். மேலடுக்கில் ஈயம் கொட்டிக் கிடக்கும். உள்ளே போகப்போகக் குறையும். இனிச் செதுக்கினாலும் குறையாது என்ற நிலை வந்தால்தான் அந்த எண்ணை நம்புவார்கள். அப்படியும் மிஞ்சும் எண் பூஜ்யம் ஆகாது. மனித இனமே தோன்றாத காலத்துப் பனியிலும் எரிமலைப் புகையும் மண்தூசியும் உண்டு. முழுத் தூய்மை என்று இயற்கையில் ஒன்றுமில்லை.

இதை எழுதும்போது பாட்டியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கருப்பட்டி விற்க ஒரு பெரிய வீட்டுக்குப் போவாள். தாகத்துக்குக் கேட்டால் செம்பை உயரத் தூக்கி, ஏந்திய கையில் ஊற்றுவார்கள். அவள் கை பட்டால் செம்பு தீட்டாகிவிடுமாம். 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மகாராஜா எல்லாச் சாதியாருக்கும் கோயில்களைத் திறந்துவிட்ட பிறகும் அந்தச் செம்பு கீழே இறங்க நெடுநாளாயிற்று என்பாள்.

இரண்டு இடத்திலும் பேச்சு தூய்மையைப் பற்றித்தான். ஆனால் ஆய்வறையில் நிற்பவன் முதலில் தன்னைச் சந்தேகிக்கிறான். செம்பைத் தூக்கியவர் எதிரில் நின்றவளைச் சந்தேகித்தார். ஒரு தடவைகூட அளந்து பார்க்காத அழுக்கு அது. ஆணவத்தைச் செம்பில் ஏறும் களிம்பு என்பார்கள் சைவ சித்தாந்திகள். களிம்பு ஏற அடுத்தவர் கைபட வேண்டியதில்லை, காற்றும் ஈரமும் போதும் என்பது வேதியியல் படித்த எவருக்கும் தெரியும். ஊற்றியவர் அந்தக் களிம்பைப் பார்க்கவில்லை.

தன்னைப் பார்க்கச் சொல்லும் வழிபாடும் எங்கள் பக்கத்தில் உண்டு. அய்யா வைகுண்டரின் சாமித்தோப்புப் பதியில், பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகை கட்டி அதன் முன் நிற்கிற ஒவ்வொரு முறையும் நான் காண்பது என் முகத்தை. வைகுண்டர் 1851-இல் மறைந்தவர்; ஆய்வறையை அவர் கண்டதில்லை. ஆனாலும் கடவுளைத் தேடி வந்தவனை முதலில் தன்னைப் பார்க்கச் சொன்ன அந்த ஏற்பாடும், எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் இறைத்த முத்திரிக்கிணறும், பாட்டர்சனின் அறைக்கு அருகில் வைக்கத் தக்கவை என்று உறுதியாக நம்புகிறேன். தூய்மை என்ற சொல்லை மதத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் இந்தப் பொருளில் மட்டுமே வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் அடுக்களையில் வேலைக்கு வருகிறவர்களுக்கென்று தனி டம்ளர் இருந்தால், இன்றைக்கே அதை எடுத்து மற்ற டம்ளர்களோடு சேர்த்துக் கமுத்துங்கள்.