தொண்டைமானின் படைக்கொட்டில்

காஞ்சியிலிருந்து ஆண்டதாக மரபு சொல்லும் தொண்டைமானிடம், அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையைத் தூது அனுப்பிய கதை நமக்கெல்லாம் தெரியும். தொண்டைமான் தன் படைக்கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். அங்கே வேல்கள் மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, காவலுக்குள் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. இந்த இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு ஔவை நிறுத்திக்கொள்கிறாள். புறநானூற்றின் 95-ம் பாட்டு அவ்வளவுதான். வஞ்சப்புகழ்ச்சி என்று பள்ளிக்கூடத்தில் பெயர் சூட்டி, அதோடு பாட்டை மூடிவிடுகிறார்கள்.

எனக்கு அது அங்கே மூடிக்கொள்வதாக இல்லை. அந்தக் கொட்டிலில் இருந்த வேல்கள் என்ன குற்றம் செய்தன? யாரையும் குத்தாமல் இருந்ததற்காக ஒரு வேல் ஏளனத்துக்கு உரியதாகிறதென்றால், ஆயுதத்தின் மெய்ம்மை அது சிந்தும் ரத்தத்தில் மட்டும்தான் என்றாகிறது. ஔவை இதை நம்பியிருப்பாள் என்று நினைக்க முடியவில்லை; போரைத் தடுக்கப் போனவள் அவள். ஆனால் அவள் பாட்டை நாம் வழிவழியாகப் படித்துவந்த விதம் இதையே நம்பச் சொல்கிறது. நெய் பூசிய ஆயுதம் பொய், உடைந்த ஆயுதம் மெய்.

இது ஏட்டுப் பிரச்னையாக மட்டும் இல்லாமல் போனதற்குக் காரணம், காந்தி ரோட்டில் பட்டு வியாபாரம் செய்யும் ஒரு நண்பர். பழைய பாயிண்ட் டூ டூ ரைபிள்கள் மீது அவருக்குத் தீராத மோகம். வைத்திருப்பது இரண்டு. ஒன்று, பர்மிங்ஹாமில் பி.எஸ்.ஏ. கம்பெனி செய்த மார்ட்டினி, பாட்டனாரிடமிருந்து வந்தது. மற்றது, செக்கோஸ்லோவாகியா என்றொரு நாடு இருந்த காலத்தில் அங்கே செய்யப்பட்ட பிர்னோ. மாதம் ஒரு முறை சென்னைக்குப் போய் கிளப்பில் சுட்டுவிட்டு வருகிறார். மிருகத்தை அவர் சுட்டதில்லை; புலால்கூட உண்ணாதவர். துடைத்து, எண்ணெயிட்டு, குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உட்புறத்துச் சுருள் வரிகளைப் பார்ப்பதில் அவருக்கு உள்ள லயிப்பு, கோர்வைக் கரை போட்ட பழைய சேலையைப் பார்க்கும்போது வருவதைப் போன்றது என்று சொல்வார். கொலைக்கருவியை இப்படி நேசிக்க ஒருவனுக்கு உரிமை உண்டா என்பதுதான் என் கேள்வி. உண்டென்றால், எதன் பேரில்?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அதன் 45-ம் பிரிவின்படி, வழக்கொழிந்த பாணியிலானதோ தொன்மை மதிப்புள்ளதோ பழுதுபட்டதோ ஆன ஆயுதம், ரிப்பேர் செய்தாலும்கூடச் சுட முடியாத நிலையில் இருந்தால், சட்டம் அதைக் கண்டுகொள்வதில்லை. 3-ம் பிரிவு ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளுக்கு வரம்பு கட்டுகிறது. 1983-ம் ஆண்டுத் திருத்தத்தில் மூன்றாக இருந்தது 2019-ல் இரண்டாயிற்று. பாட்டன் சொத்தாக வந்தாலும் இரண்டுதான். ஆனால் அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப் உறுப்பினர் குறி பழகுவதற்குப் பயன்படுத்தும் பாயிண்ட் டூ டூ ரைபிளை இந்த வரம்பு கட்டுப்படுத்தாது. ஆக, ஆயுதம் நிரபராதியாவதற்குச் சட்டம் இரண்டு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று சாவு, மற்றது விளையாட்டு. செத்த துப்பாக்கியை யார் வேண்டுமானாலும் சுவரில் மாட்டலாம். காகிதத்தை மட்டும் சுடும் துப்பாக்கிக்குக் கொஞ்சம் சலுகை உண்டு.

நண்பரிடம் முதல் வாசலைப் பற்றி ஒருமுறை கேட்டேன். பாட்டனாரின் மார்ட்டினியைச் சுட முடியாதபடி செய்துவிட்டால் லைசென்ஸ் தொல்லையே இல்லையே, தேர்தலுக்குத் தேர்தல் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியதில்லையே என்றேன். “அப்புறம் அது எதுக்கு சார்? வெறும் குழாயும் கட்டையும்தானே” என்றார். இந்தப் பதிலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பூஜையில் இருக்கும் உற்சவ விக்கிரகத்துக்கும் மியூசியத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் அதே காலத்துப் பஞ்சலோகத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் செய்ய வல்லதாக இருக்கும்வரைதான் அது அந்தப் பொருள். ஆனால் துப்பாக்கி எதற்காகச் செய்யப்பட்டது? விக்கிரக உவமை இங்கே காலை வாரிவிடுகிறது.

இரண்டாவது வாசல் அழகானது; அதனாலேயே சந்தேகத்துக்குரியது. பாயிண்ட் டூ டூ தோட்டா ‘ரிம்ஃபயர்’ என்ற ரகம். தீப்பற்றும் மருந்து தோட்டாவின் அடிப்பாகத்து விளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது வெடிக்கிறது. நசுங்கிய கூடு நசுங்கியதுதான். மற்ற ரகங்களைப் போல அதில் மறுபடி மருந்தடைக்க முடியாது. 1845-ல் பாரிஸில் ஃப்ளோபேர் என்பவர் இதன் ஆதி வடிவத்தைச் செய்தது, வீட்டுக் கூடத்துக்குள் நின்று குறி சுட்டு விளையாடுவதற்காக. 1857-ல் அது ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வரில் புகுந்தது. அறுபதுகளின் அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில், ஹென்றி, ஸ்பென்ஸர் ரைபிள்களில் பருத்த வடிவத்தில் ஆளைக் கொன்றது. 1887-ல் இன்றைய ‘லாங் ரைபிள்’ தோட்டா வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் போட்டியில் வெண்கலம் வாங்கியது இந்தத் தோட்டாவில்தான். அந்தப் போட்டியில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதாகச் சொல்லிவிட முடியாது.

மூச்சை அடக்கி, விசையை அழுத்துவது தனக்கே தெரியாத அளவுக்கு மெல்ல அழுத்தி, அந்த வட்டத்தைத் துளைக்கும் செயலில் எந்தப் பயனும் இல்லை. பயனற்ற ஒரு பரிபூரணம். காண்ட் 1790-ல் அழகைப் பற்றி எழுதியபோது நோக்கமில்லாத நோக்குடைமை என்று எதைக் குறித்தாரோ, அதற்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் கிடைப்பது கடினம். உருவமா உள்ளடக்கமா என்று நம் சிறுபத்திரிகைகள் வருஷக்கணக்காகப் போட்ட சண்டையில் உருவத்தின் பக்கம் நின்றவர்கள் யாராவது ஒருநாள் ரைபிள் கிளப்புக்குப் போயிருந்தால், தங்கள் கட்சிக்கு அருமையான சாட்சி கிடைத்ததென்று மகிழ்ந்திருப்பார்கள். மொழியை அப்படிச் சுத்தமாகக் கையாள்பவர்கள் நம்மிடையே உண்டு. வாக்கியம் பத்து மில்லிமீட்டர் வட்டத்துக்குள் போய் விழுகிறது. எதன் மேல் விழுகிறது என்ற கேள்வி அநாகரிகமாகக் கருதப்படுகிறது.

சரித்திரம் அந்த அநாகரிகத்தைச் செய்கிறது. நண்பரின் மார்ட்டினி போன்ற சின்ன ரைபிள்கள் இங்கிலாந்தில் பெருகியது எப்படி? 1899-ல் தொடங்கிய போயர் யுத்தத்தில், பண்ணைக்காரர்கள் தொலைவிலிருந்து குறி தவறாமல் சுட்டதைப் பார்த்துப் பிரிட்டிஷ் ராணுவம் அதிர்ந்தது. 1901-ல் உழைப்பாளர் ரைபிள் கிளப்புகளுக்காக ஒரு சங்கம் ஏற்பட்டது. அந்த இயக்கத்துக்கு உந்துசக்தியாக இருந்தவர், இந்தியாவிலும் சேனாதிபதியாக இருந்த லார்ட் ராபர்ட்ஸ். தொழிலாளியும் குமாஸ்தாவும் மாலையில் வேலை முடிந்து வந்து, மலிவான தோட்டாவில், குறுகிய இடத்தில், காகிதத்தைச் சுட்டுப் பழக வேண்டும். எதற்கென்று ஒருவரும் மறைக்கவில்லை. 1914-ல் காகிதம் மனிதனாயிற்று. நானும் குமாஸ்தா என்பதால் இந்த இடத்தில் என்னால் பார்வையாளனாக நிற்க முடிவதில்லை. கல்லூரியில் என்.சி.சி.யில் 25 கஜத்தில் நான் சுட்டதும் அதே குடும்பத்து ரைபிள். ஐந்து தோட்டாக்கள் நெருங்கி விழுந்த அன்று எனக்கிருந்த பூரிப்பில் யாருடைய சாவும் இருக்கவில்லை. ஆனால் 1948-ல் அந்தப் படையை அமைத்த சட்டம் என் பூரிப்புக்காக இயற்றப்பட்டதல்ல.

இதன் மறுபக்கம் நம்முடையது. இங்கிலாந்துக் குமாஸ்தாவின் கையில் ரைபிளைத் திணித்த அதே சாம்ராஜ்யம் இந்தியன் கையில் அது இருக்கக்கூடாது என்றது. 1878-ல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்திய மொழிப் பத்திரிகைகளை அடக்கும் சட்டமும் அதே ஆண்டு, அதே லிட்டன். ஆயுதமும் எழுத்தும் ஒரே பயத்தின் இரு பெயர்களாக இருந்திருக்கின்றன. அஹிம்சையைப் போதித்த காந்தியே அந்த ஆயுதச் சட்டத்தைப் பெரும் அநீதியாகக் கருதினார். கையில் இல்லாததைத் துறக்க முடியாது என்பது அவர் அறிந்ததுதான். நண்பரின் கடை இருக்கும் ரோட்டுக்கு அவர் பெயர் வைத்தவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

துறப்பு என்ற சொல் வந்துவிட்டதால் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். சுடாமலிருப்பதெல்லாம் துறப்பு ஆகிவிடாது. எங்கள் வங்கிக் கிளையின் காவலர் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது ஒருமுறையும் சுட்டதில்லை. ஆனால் அது சும்மா இருக்கவில்லை. வரக்கூடிய ஒருவனை நோக்கி நாள் முழுதும் வேலை செய்துகொண்டிருக்கிறது. தொண்டைமானின் வேல்களும் அப்படித்தான். நெய்யும் பீலியும் தூதருக்குக் காட்டுவதற்காக. மிரட்டல் என்பது இன்னும் நிகழாத பிரயோகம். நண்பரின் ரைபிள் யாரையும் நோக்கியிருக்கவில்லை. ஆனாலும் அது எதைச் செய்ய வல்லது என்பது குறைந்துவிடவில்லை. ஒரு மைல் தூரம்வரை ஆபத்து என்று தோட்டாப் பெட்டிமேலேயே எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். வல்லமை அப்படியே இருக்க, நோக்கு மட்டும் விலக்கப்பட்ட நிலை இது. இந்த விலக்கல் ஒருமுறை செய்து முடிக்கும் காரியமாகத் தெரியவில்லை. ஒவ்வொரு முறை பெட்டியைத் திறக்கும்போதும் மறுபடி செய்யப்பட வேண்டியிருக்கிறது. சுவரில் மாட்டிய செத்த துப்பாக்கிக்கு அதன் நிரபராதித்தன்மையை ஒரு ரம்பம் கொடுத்துவிட்டது. உயிருள்ளதற்கு அதை வைத்திருப்பவன்தான் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பாவனைக்கு இதில் இடமில்லை என்பதை அந்த யந்திரமே சொல்கிறது. பழைய ரிம்ஃபயர் ரைபிளைத் தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பார்க்கக்கூடாது என்பது இதில் ஈடுபட்டவர்கள் அறிந்த பாடம். தோட்டாவின் விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாததால், ஊசி துப்பாக்கியின் சொந்த வாயையே அடிக்கிறது. நாளடைவில் அங்கே பள்ளம் விழுகிறது.

துப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் ஷோடசாயுத ஸ்தோத்திரம் செய்தார். சக்கரத்தாழ்வாரின் பதினாறு ஆயுதங்களுக்கும் துதி. வரதராஜர் கோயிலில் பதினாறு கரங்களோடு சுதர்சனர் இருக்கிறார். பதினான்காம் நூற்றாண்டில் ஸ்ரீரங்கத்துக்குள் படை புகுந்தபோது தேசிகர் பிணங்களோடு பிணமாகப் படுத்திருந்து காப்பாற்றியது ஒரு ஓலைச்சுவடியையும் இரண்டு குழந்தைகளையும் என்று குருபரம்பரை சொல்கிறது. ஆயுதத்தைத் துதிப்பதும் அதை ஏந்தாமலிருப்பதும் ஒரே மனதில் இருக்க முடியும் என்பதற்கு எனக்கு இந்தச் சித்திரம் போதும். குடகில் இன்றும் கைல்போத் நாளில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்குகிறார்கள். பிறகு தேங்காயைக் குறிவைத்துச் சுடுகிறார்கள். அவர்களுக்கு லைசென்ஸிலிருந்து விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு உறுத்தல் போகவில்லை. நரிக்குறவர்களிடம் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. கொக்கும் காடையும் அடித்து வயிறு வளர்த்தார்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வாழ்க்கை குற்றமாயிற்று; கைகள் ஊசிமணிக்குத் திரும்பின. அந்தச் சட்டம் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் பசிக்காகச் சுட்டவனின் துப்பாக்கி சந்தேகத்துக்குரியதாகவும், எதற்காகவும் சுடாதவனின் துப்பாக்கி ரசனைக்குரியதாகவும் ஆகிற ஒரு ஒழுங்கில்தான் என் நண்பரின் துறப்பு சாத்தியமாகிறது. எண்பதுகளிலிருந்து தனிமனிதர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வது ஏறக்குறைய நின்றுபோனதால் பழைய பிர்னோவின் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. பயனின்மையை விலைகொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. பயனற்ற அழகைப் பற்றி எழுதுகிற நாமும் இந்தக் கணக்கிலிருந்து தப்பிவிடவில்லை.

அதற்காக அவரிடம் அந்த மார்ட்டினியை ரம்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. அவர் செய்ய வேண்டியதாக எனக்குப் படுவது வேறு. அந்த ரைபிள் எந்த யுத்தத்துக்காக, யாருடைய கைகளைப் பழக்குவதற்காகச் செய்யப்பட்டது என்பதையும் எண்ணெயோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். அழகை மட்டும் எடுத்துக்கொண்டு சரித்திரத்தைத் துடைத்துவிட்டால் அது பீலி சூட்டிய வேல்தான். ஔவையின் ஏளனம் அப்போது பொருந்தும். மற்றபடி, எல்லாக் கொட்டில்களிலும் ஆயுதங்கள் நெய் பூசிக் காவலுக்குள் கிடக்கட்டும், கொல்லன் பட்டறைகளில் கலப்பைக் கொழு மட்டும் போய்ச் சேரட்டும் என்று ஆசைப்படும் ஒரு வாசகனுக்கு 95-ம் பாட்டில் இடம் உண்டா என்பதை இந்தப் பத்திரிகையின் நண்பர்கள் யோசிக்கலாம். தொண்டைமானின் பக்கம் நின்று அந்தப் பாட்டை இதுவரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.