கூலிக்கு ஓங்கிய கை

திருக்கோணமலையில் ஐஸ் என்றால் அது மீனுக்குரிய பொருள். கொட்பேத் துறைமுகத்திலிருந்து பலநாள் படகுகள் ஆழ்கடலுக்குப் புறப்படுமுன், கட்டி கட்டியாக வந்திறங்கும் ஐஸை நொறுக்கிப் படகின் அடிஅறைகளில் கொட்டி நிரப்புவார்கள். அதன்மேல் மனிதர் ஓடி விளையாடுவது என்பது இவ்வூர்ப் பெரியவர்களுக்கு நெடுங்காலம் கதையிற் கேட்ட சங்கதியாகவே இருந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் யுத்தத்துக்கு அஞ்சி இம்மாவட்டத்தை விட்டுப் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகளோ இன்று கனடாவின் ஸ்காபரோவிலும் அஜாக்ஸிலும் அடியில் அலகு பூட்டிய சப்பாத்தோடு நிற்கிறார்கள். ஆதலால், ஐஸ் ஹொக்கியை ஜீவனோபாயமாகக் கொண்ட ஒருவனுடைய வாழ்க்கையைக் குறித்து, கோணேசர் சந்நிதிக்கு அருகே வாழும் ஒரு சைவன் விசாரம் செய்வது அவ்வளவு பொருந்தாத காரியமன்று.

இருநூறடி நீளமும் எண்பத்தைந்தடி அகலமுமான பனித்தரையில், மூன்று அங்குல விட்டமுள்ள ஒரு கறுப்பு இறப்பர் வட்டை எதிரியின் வலைக்குள் செலுத்துவதே அவ்விளையாட்டு. அதன் வேகமும் லாவகமும் வியக்கத்தக்கவை. ஒருவன் முக்கால் நிமிஷம் ஓடியதும் மூச்சிரைத்து வெளியேற, வேறொருவன் மதிலைத் தாண்டி உள்ளே குதிக்கிறான். ஆனால் என் சிந்தனையைக் கவர்ந்தது அந்த லாவகமன்று. வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் பல்லாண்டு காலமாக ஒரு தனித்தொழில் நிலவிவந்தது: கோல் போடுவதற்காக அன்றி, எதிர்த்தரப்பின் முரடனோடு முஷ்டியுத்தம் செய்வதற்கென்றே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளப்பட்ட ஆட்டக்காரனின் தொழில். இருவர் கையுறைகளைக் கழற்றித் தரையில் எறிவார்கள். இடக்கையால் எதிரியின் சட்டையைப் பற்றி, வலக்கையால் முகத்தில் குத்துவார்கள். நடுவர்கள் சற்று விலகி நின்று, ஒருவன் விழும் வரை பார்த்திருந்து, பின்னர் வந்து பிரிப்பார்கள். தண்டனை ஐந்து நிமிஷம் தனிப்பெட்டியில் உட்கார்ந்திருப்பது, அவ்வளவே.

அந்த லீக்கில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர் ரொபின் பாவா. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பஞ்சாபிக் குடும்பத்தில் 1966இல் பிறந்த அவர், கம்லூப்ஸ் நகரத்து இளைஞர் அணிக்காக 1986-87 பருவத்தில் 57 கோல்கள் போட்டவர். இத்தனை கோல் போட்டவனை எந்த முதலாளியும் கோல் போடுவதற்கே அழைத்துக்கொள்வான் என்று நாம் நினைப்போம். நடந்தது வேறு. 1989இல் வாஷிங்டன் அணியின் மூலம் பெரிய லீக்கினுள் நுழைந்த அவர் அங்கே நிலைக்க வேண்டுமாயின் தம் கைத்தடியைவிடக் கைமுஷ்டியையே அதிகம் நம்பவேண்டியிருந்தது. நான்கு அணிகளில் 61 ஆட்டங்கள், 6 கோல்கள். பின்னர்ச் சிறிய லீக்குகளில் சில ஆண்டுகள். முடிவில் தலையில் பட்ட அடியோடு ஓய்வு. திறமை ஒன்றும் தேவை வேறொன்றுமாக இருக்கும் இடத்தில் மனிதன் தன் திறமையைத்தான் முதலில் கைவிடுகிறான் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

டெரெக் பூகார்டுக்கு அத்தகைய தெரிவும் இருக்கவில்லை. ஆறடி ஏழங்குல உயரமுள்ள அந்தக் கனடிய இளைஞனை மினசோட்டா அணி எடுத்துக்கொண்டதே குத்துவதற்காகத்தான். 277 ஆட்டங்களில் அவன் போட்டது 3 கோல். ஆயினும் 2010இல் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அவனுக்கு நான்காண்டுகளுக்கு 65 இலட்சம் டொலர் தர ஒப்பந்தம் செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஒரு சண்டையில் தலையில் அடிபட்டவன் மீண்டும் களமிறங்கவேயில்லை. மறுவருஷம் மே மாதம், மதுவும் வலிநிவாரண மாத்திரைகளும் உடம்பிற் கலந்து, தன் இருபத்தெட்டாம் வயதில் மாண்டான். விரல்மூட்டுகள் சிதைந்து வீங்கிய அந்தக் கைகள் அவனுக்குச் சம்பாதித்துக் கொடுத்த வலிக்கே அம்மாத்திரைகள். குடும்பத்தார் அவனுடைய மூளையைப் பொஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு ஈந்தனர். தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்கு வரும் மூளைச்சிதைவு அந்த இளவயதிலேயே வெகுவாக முற்றியிருந்ததை ஆய்வாளர் கண்டனர். அதே கோடையில் அதே தொழிலைச் செய்த வேறு இருவரும் இறந்தனர்.

இனி நம் சாஸ்திரத்துக்கு வருவோம். தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும் ஆன்மாவுக்கு அதன் கன்மத்தை நுகர்ந்து கழிப்பதற்காக இறைவன் மாயையினின்று தோற்றுவித்துக் கொடுத்தவை என்பது சைவசித்தாந்தத்தின் பால பாடம். சரீரம் என் உடைமையன்று. தவணை குறித்துத் தரப்பட்ட கருவி. அப்படியாயின், சிதைந்துபோகும் என்று தெரிந்தே அக்கருவியை ஒருவன் வாடகைக்கு விடலாமோ என்ற கேள்வி எழுகிறது. இதற்கு அவசரப்பட்டு விடை கூறுபவர்கள் நமது கடற்கரையை ஒருமுறை பார்க்கவேண்டும். முதுகிற் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலட்டை பிடிக்கப் போகும் சுழியோடி, ஆழத்திலிருந்து வேகமாக மேலெழுந்தால் இரத்தத்திற் குமிழிகள் உண்டாகிக் கால் விளங்காமற் போகும் என்பதை அறிந்தேதான் இறங்குகிறான். வீட்டில் அடுப்பெரிய வேண்டும். அவனைப் பாவி என்று சொல்லும் சித்தாந்தம் ஒன்று இருக்குமாயின் அது வயிறு நிறைந்தவர்களின் சித்தாந்தமாகத்தான் இருக்கும்.

ஆயினும் சுழியோடிக்கும் முஷ்டிக்காரனுக்கும் ஒரு பேதம் உண்டு. என் விசாரமெல்லாம் அந்தப் பேதத்தைச் சுற்றியதே. சுழியோடியின் கால் விளங்காமற் போவதை எவரும் விரும்புவதில்லை. அட்டையை வாங்குபவனுக்கு அட்டை வேண்டும். சுழியோடியின் நோவு அவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அதனால் அவனுக்கு இன்பமில்லை. முஷ்டிக்காரனின் விஷயத்திலோ நோவே சரக்கு. பனியிற் சிந்தும் இரத்தத்தைக் காணத்தான் சீட்டு விற்பனையாகிறது.

இத்தொழிலுக்குச் சாதகமாகச் சொல்லப்படும் நியாயமொன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. வெய்ன் கிரெட்ஸ்கி என்ற மகா சமர்த்தன் எட்மன்டன் அணியில் ஆடியபோது, அவனைத் தொட்டவன் தன்னிடம் அகப்படுவான் என்ற அச்சத்தை விளைவித்துக்கொண்டு டேவ் செமென்கோ என்பவன் கூடவே இருந்தான். கிரெட்ஸ்கி 1988இல் லொஸ் ஏஞ்சலிசுக்குப் போனபோது, மார்ட்டி மக்சோர்லி என்ற காவலனும் உடன் சென்றான். ஆகவே இது வன்செயலன்று, காவல் என்பர். காவல் தெய்வங்களை நாமும் வணங்குகிறோம். இந்நகரின் நடுவே வீற்றிருக்கும் பத்திரகாளி அம்பாள் வெறுங்கையோடு இருப்பவளல்லள். குருக்ஷேத்திரத்தில் வில்லைக் கீழே போட்ட அருச்சுனனுக்குச் சொல்லப்பட்டதும் பயன் கருதாது போர்செய் என்பதே. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பத்தாஞ் சூத்திரத்தில், இறைவனோடு ஏகனாகி அவன் பணியில் நிற்பவனை மலமும் மாயையும் வல்வினையும் பற்றமாட்டா என்று கூறுகிறார். நல்லது; ஆனால் நிற்கும் பணி இறைபணியாக இருந்தாலன்றோ அந்த விலக்கு? கழக முதலாளியின் பணியில் நிற்பவனுக்கு, வினை நீங்காது. சம்பளம் மட்டுமே வரும்.

இவ்விடத்தில் எனக்கு எறிபத்தரின் நினைவு வருகிறது. சேக்கிழார் பாடிய அறுபத்துமூவருள், அடியாருக்கு இடர் செய்தவரை மழுவால் எறிவதையே திருத்தொண்டாகக் கொண்டவர் அவர். ஐஸ் ஹொக்கிப் பாஷையில் சொல்வதானால் அடியார் கூட்டத்தின் முஷ்டிக்காரர். கருவூரில் சிவகாமியாண்டார் பறித்து வந்த பூக்கூடையை அரசனின் பட்டத்து யானை பறித்துச் சிந்தியபோது, எறிபத்தர் யானையையும் உடன்வந்த ஐவரையும் வெட்டி வீழ்த்தினார். இதுவரை கேட்டால் கலியுகத்து மனதுக்குச் சற்றுக் கூசத்தான் செய்யும், எனக்கும் கூசுகிறது. கதையின் சாரம் இதற்குப் பின்னால் இருக்கிறது. சினந்து வந்த புகழ்ச்சோழ மன்னர் நடந்ததை அறிந்ததும், யானையையும் பாகரையும் கொன்றது போதாது, அவற்றை உடையவனாகிய என்னையும் கொல்ல வேண்டும் என்று கூறி, அதற்கு மழு தகாதென்று தம் வாளையே எடுத்து நீட்டினார். அதைத் தாம் வாங்காவிட்டால் மன்னர் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்வார் என்று அஞ்சி வாங்கிய எறிபத்தர், இத்தகையவருக்குத் தீங்கு நினைத்த நானே இறக்கத்தக்கவன் என்று தம் கழுத்தில் அவ்வாளைப் பூட்டினார். மன்னர் பாய்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். ஏவலாளன் செய்த பிழை ஆண்டானுக்கும் உரியது என்று தலைவன் முன்வர, ஓங்கிய கை என்னுடையதே என்று வீரன் முன்வர, வினையின் பயனை ஒருவர்மேல் ஒருவர் தள்ளாமல் ஒருவரிடமிருந்து ஒருவர் பறித்துக்கொள்ளும் இந்தப் போட்டியிலேதான் அந்த மழு புனிதமாகிறது. அசரீரி எழுந்து, மாண்டவர்களெல்லாம் உயிர்த்தெழுந்தது அதற்குப் பிறகு.

ஹொக்கி லீக்கின் சரித்திரத்தில் வாளை நீட்டிய மன்னர் எவரையும் காணோம். மூளையிற் பட்ட அடிகளுக்காக ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்கள் தொடர்ந்த வழக்கு 2018இல் ஏறக்குறைய 1 கோடி 89 இலட்சம் டொலருக்குச் சமரசமாயிற்று. பொறுப்பு எதையும் ஏற்காமலே லீக் கையெழுத்திட்டது. கியூபெக் இளைஞர் லீக் 2023இல் முஷ்டியுத்தத்தைத் தடுத்து, சண்டையிடுவோரை ஆட்டத்திலிருந்தே வெளியேற்ற விதி செய்தது. வரவேற்கத்தக்க விதிதான், ஆனால் அதுவும் குத்தியவனையே பிடிக்கிறது.

நல்வினையாயினும் தீவினையாயினும் செய்தவன், செய்வித்தவன், தூண்டியவன், உடன்பட்டு மகிழ்ந்தவன் ஆகிய நால்வரும் சமபங்காளிகள் என்பது வடமொழி மரபில் நெடுங்காலமாக வழங்கும் கொள்கை. இந்நால்வரில் நான்காமவனைத்தான் நாம் இலேசில் விட்டுவிடுகிறோம். உடன்பட்டு மகிழ்தலாகிய அனுமோதனம் என்பது கைநீட்டாமல், வாய்திறவாமல், ஆசனத்தை விட்டு எழுந்த மாத்திரத்திலேயே நிகழ்ந்துவிடும் கன்மம். பூகார்டின் கையை ஓங்கச் செய்தது பயிற்சியாளனின் கண்சாடை மட்டுமன்று. அரங்கில் எழுந்து நின்ற பதினெண்ணாயிரம் பேரின் ஆரவாரமும் அதைத் தூக்கிவிட்டது. பங்கு பிரிக்கும்போது அவர்களுக்கும் ஓர் அணுவளவேனும் சேராமற் போகாது என்பதே என் துணிபு. கைத்தொலைபேசியில் அப்பழைய சண்டைகளை இங்கிருந்து தேடிப் பார்த்தவன் என்ற முறையில், எனக்கும் அதில் ஒரு துளி உண்டு.

ஸ்காபரோவிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் தமக்கையின் பேரன், பதினொரு வயதினன், சனிக்கிழமைகளில் ஹொக்கி பழகுபவன். ஆட்டம் நடக்கும்போது சோளப்பொரி தின்றுகொண்டிருப்பவர்கள்கூட, "கையுறையைக் கழட்டினால் எல்லாரும் எழும்பி நிப்பினம், தாத்தா" என்று அவன்தான் எனக்கு முதலில் சொன்னவன். அடுத்த முறை அரங்குக்குப் போகையில் சண்டை வந்தால் நீ மட்டும் இருந்த இடத்திலேயே இரு என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, இருந்தால் முன்வரிசை ஆட்களின் முதுகுதான் தெரியும் என்றான். அதைத்தான் பார் என்றேன்.